ஈ.சி.எச்.எஸ். ஒப்பந்தத்துக்காக என்.ஏ.பி.எச்.: எல்லையோர ஆஸ்பத்திரி பட்ட பாடு

ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.சின் அங்கீகாரம் கைக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.சோடு ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஆனாலும் எதற்காக இவ்வளவு இழுத்தது என்று யோசித்தால் இன்னமும் வயிறு எரிகிறது. வார்டில் மருந்துப் பிழையைக் குறைப்பதற்கும் ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) செக்லிஸ்ட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவதற்கும் பட்ட பாட்டைவிட, எல்லா உரிமங்களிலும் ஆஸ்பத்திரியின் பெயரை ஒரே மாதிரி எழுத வைக்கப் பட்ட பாடுதான் பெரிது.

இது ஆந்திர எல்லைக்குள், புத்தூர், நகரி வட்டாரத்தில் இருக்கும் ஐம்பது படுக்கைக்கு உட்பட்ட ஆஸ்பத்திரி. போர்டு தெலுங்கில் இருக்கும், ஓ.பி. வரிசையில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணி பக்கத்திலிருந்து பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர்களும் அவர்கள் வீட்டு அம்மாக்களும் வந்துகொண்டே இருப்பார்கள். ஈ.சி.எச்.எஸ். கார்டு இருந்தும் கைக்காசு கொடுத்துப் பார்க்கிறோமே என்பது அவர்கள் குறை. அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினோம். போர்ட்டலில் எப்படிப் பதிவது, கட்டணம் எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, இடறும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஏன் என்.ஏ.பி.எச். என்பதைச் சொல்லிவிடலாம். 2003 ஏப்ரல் 1-ல் ஈ.சி.எச்.எஸ். தொடங்கியதிலிருந்து அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. திட்டத்தின் சொந்தப் பாலிகிளினிக்கில் பார்ப்பார்கள், அங்கே முடியாததை ரெஃபரல் போட்டு ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், நாம் நோயாளியிடம் காசு வாங்காமல் பில்லை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பணம் சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்) ரேட்டில் வரும். அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரிக்கு அந்த ரேட்டிலும் 15 சதவீதம் குறைவு. ஏற்கெனவே ஒல்லியான ரேட்டில் அந்த 15 போனால் நர்ஸ் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். ராணுவத்தின் சொந்தப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குள் தரப் போட்டிக்கென்று 1989-லிருந்தே ரக்‌ஷா மந்திரி டிராஃபி (பாதுகாப்பு அமைச்சர் கோப்பை) இருக்கிறது. வெளியே இருந்து அவர்களுடைய ஆட்களைப் பார்க்கும் நம் போன்றவர்களுக்கு, உள்ளே நடந்த முன்னேற்றத்தை ஒருவர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார் என்று காட்ட என்.ஏ.பி.எச்.தான் வழி.

இப்போது பெயர் விவகாரம். ஆஸ்பத்திரி நர்ஸிங் ஹோமாகத் தொடங்கி, பிறகு ஹாஸ்பிட்டல் ஆகி, கடைசியில் பிரைவேட் லிமிடெட் ஆனது. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் தீயணைப்பு என்.ஓ.சி. பழைய நர்ஸிங் ஹோம் பெயரில், ஸ்கேன் மெஷினுக்கான பி.சி.பி.என்.டி.டி. சான்று (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வாங்குவது) ஹாஸ்பிட்டல் பெயரில், பான் கார்டும் ஜி.எஸ்.டி.யும் கம்பெனி பெயரில் என்று கிடந்தால் நேரில் வருவதற்கு முன் காகிதங்களை மட்டும் பார்க்கும் டெஸ்க்டாப் ரிவ்யூவிலேயே கோப்பு திரும்பி வரும். எல்லாம் ஒரே நிறுவனம்தான் என்று நோட்டரி அபிடவிட் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அபிடவிட் ஒரு தற்காலிகப் பூச்சு. ஈ.சி.எச்.எஸ். ஒப்பந்தத்தின்போது அதே கேள்வி திரும்பவும் வரும், பேங்க் கேரண்டி போடும்போது மூன்றாவது முறையாக வரும்.

இதற்கு மேல் மாவட்டப் பிரச்சனை. 2022 ஏப்ரல் 4-ல் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது, நகரி சித்தூரிலேயே நின்றது. அதற்கு முன் வாங்கிய உரிமங்களில் சித்தூர் மாவட்டம் என்றிருக்கும், பின் வாங்கியவற்றில் திருப்பதி என்றிருக்கும். கட்டடம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் கணினிக்கு அது இரண்டு வேறு முகவரி. தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதைதான். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததில் அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போனது. அந்தப் பக்கத்து நோயாளியின் கார்டில் ஒரு மாவட்டம், ஆதாரில் வேறு மாவட்டம் என்று வந்தால் ரிசப்ஷனில் பதறக் கூடாது. நோயாளி விஷயத்தில் கார்டு எண்ணும் போட்டோவும் காப்பாற்றும். ஆஸ்பத்திரி விஷயத்தில் காப்பாற்ற எதுவும் இல்லை.

உரிமம் தரும் ஓர் அலுவலகத்தில் இந்த மாவட்டப் பெயரைத் திருத்த மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் “ரேப்பு ரண்டி” (நாளைக்கு வாருங்கள்) என்றார். மறுநாள் போனால் மனு எங்கே என்று அவரே கேட்டார். நாம் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை என்றால் அந்த இடத்தில் பேச்சே எடுபடாது. அதனால் மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அக்னாலெட்ஜ்மென்ட்டோடு அனுப்புங்கள். மாவட்டப் பிரிப்பு அரசாணையின் நகலையும், உங்கள் மண்டலம் இருக்கும் வரியில் கோடிட்டு, மனுவோடு இணைத்து விடுங்கள். நாங்கள் அப்படி இணைத்த மனுதான் கடைசியில் நகர்ந்தது. அதற்கு முன் கொடுத்தது இன்னமும் அந்த அலமாரியில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

எதை முதலில் திருத்துவது என்பதில் ஒரு வரிசை உண்டு. மாநிலத்தின் தனியார் மருத்துவ நிலையப் பதிவுதான் தாய்ப் பத்திரம். ஆந்திராவில் இது 2002-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவ சுகாதார அலுவலகம் வழியாகப் போகும். அதில் பெயர், கதவு எண், படுக்கை எண்ணிக்கை மூன்றும் சரியான பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். அதன் பிறகு மருத்துவக் கழிவு எடுக்கும் பொது நிலையத்தோடு ஒப்பந்தம், பிறகு ஸ்கேன், எக்ஸ்ரே. தலைகீழாகப் போனால் திருத்தியதையே மறுபடி திருத்த வேண்டி வரும்.

படுக்கை எண்ணிக்கையை அசட்டையாக விடாதீர்கள். பதிவில் 30, கழிவு அனுமதியில் 35, வார்டில் எண்ணினால் 42 என்றிருக்கும் ஆஸ்பத்திரிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். என்.ஏ.பி.எச். அனுப்பும் மதிப்பீட்டாளர்களான அசெஸ்ஸர்கள் நடந்து போகும்போதே எண்ணிவிடுவார்கள். கேஷுவாலிட்டி, டயாலிசிஸ், லேபர் டேபிள் இவற்றைப் படுக்கையாகக் கணக்கில் எடுத்தீர்களா இல்லையா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, எல்லா விண்ணப்பத்திலும் அதே கணக்கைக் கடைப்பிடியுங்கள். கழிவு விதிகளின்படி ஜூன் 30-க்குள் போட வேண்டிய ஆண்டறிக்கையிலும் அதே எண் இருக்க வேண்டும். அந்த அறிக்கையை ஆஸ்பத்திரியின் இணையதளத்திலும் ஏற்ற வேண்டும் என்பது பலருக்கு நினைவிருக்காது.

எல்லையில் இருப்பவர்களுக்கென்றே வைத்த பொறி ஒன்று உண்டு, ஊழியர் பதிவு. எங்கள் நர்ஸுகளில் கணிசமானவர்கள் திருத்தணி, திருவள்ளூர் பக்கம் படித்தவர்கள். பதிவு தமிழ்நாடு கவுன்சிலில். வேலை பார்ப்பது ஆந்திராவில் என்பதால் இங்கேயும் பதிவு வேண்டும். டாக்டர்களுக்கும் அப்படித்தான். சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோகும் ஸ்பெஷலிஸ்ட் பெயரை விண்ணப்பத்தில் போட்டால் அவருடைய ஆந்திரப் பதிவையும் கேட்பார்கள். அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி இங்கே பதிவு முடிய நாள் பிடிக்கும், நடுவில் ஒருவர் வேலையை விட்டால் அவர் இடத்துக்கு வருபவருக்கு ஆரம்பத்திலிருந்து. அதனால் மற்ற எல்லா வேலைக்கும் முன்பாக இதைத் தொடங்கிவிடுங்கள். கல்விச் சான்றைப் படித்த கல்லூரிக்கே எழுதிச் சரிபார்த்த கடிதமும் ஊழியர் கோப்பில் இருக்க வேண்டும். ஜெராக்ஸில் ஒரிஜினல் பார்க்கப்பட்டது என்று முத்திரை போடுவது அதற்கு ஈடாகாது.

கட்டணம், சுயமதிப்பீடு, தேதி ஒதுக்கீடு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. குறைந்தது மூன்று மாதப் பதிவேடுகள் ஓடிய பிறகு தேதி கேளுங்கள், அவ்வளவுதான்.

அசெஸ்ஸர்கள் வந்தால் கோப்பு அறையில்தான் உட்காருவார்கள் என்று எதிர்பார்த்தோம். பெரும்பாலான நேரம் அவர்கள் வார்டில்தான் நின்றார்கள். சாயங்கால ஊசி நேரத்தில் ஒருவர் சிஸ்டருக்குப் பின்னாலேயே நடந்தார். அன்றைக்கு ஆண்கள் வார்டில் மணி என்ற பெயரில் இரண்டு பேர், இருவருமே ஓய்வுபெற்ற ஹவில்தார்கள். சிஸ்டர் கைப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, “அய்யா, உங்க முழுப் பேரை நீங்களே சொல்லுங்க” என்றார். “ஏம்மா, காலையிலேர்ந்து பாக்குற ஆளுதானே நான்?” என்று அவர் அலுத்துக்கொண்டார். “தெரியும் அய்யா, இருந்தாலும் கேக்கணும்.” அவர் பெயரோடு சர்வீஸ் நம்பரையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்தார். சிஸ்டர் பட்டையில் இருந்த ஆஸ்பத்திரி எண்ணைச் சார்ட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் ஊசி போட்டார். அசெஸ்ஸர் குறிப்பெழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பட்டாளத்துக்காரர்களைப் பார்க்கும் இடங்களில் சர்வீஸ் நம்பரையே அடையாளமாக வைத்துக்கொள்ளும் சபலம் வரும். வேண்டவே வேண்டாம். மனைவியின் கார்டிலும் அதே சர்வீஸ் நம்பர்தான் இருக்கும். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் அட்மிட் ஆனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாறிப்போகும். படுக்கை எண்ணும் ஆகாது, ராத்திரியில் ஆளை இடம் மாற்றுவார்கள். முழுப்பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும், இந்த இரண்டு மட்டும்.

எங்களுக்குக் கிடைத்த பாராட்டுக்குறிப்பு மருந்துப் பை விஷயத்தில். பாலிகிளினிக்கில் மாதாமாதம் மருந்து கொடுப்பார்கள், கம்பெனி மாறும், அட்டையின் நிறம் மாறும். போன மாத மிச்சமும் வீட்டில் இருக்கும். டெல்மிசார்ட்டான் என்ற ஒரே பிரஷர் மருந்தை இரண்டு பெயரில் காலையிலும் ராத்திரியிலும் சாப்பிட்டுவிட்டு மயங்கி விழுந்து வருபவர்கள் உண்டு. மெட்ஃபார்மின் தனி மாத்திரையாக ஒன்று, கிளிமெப்பிரைடோடு சேர்ந்த மாத்திரையில் இன்னொன்று. அட்மிஷன் சமயத்தில் என்ன மாத்திரை என்று வாயால் கேட்டால் “சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு” என்றுதான் வரும். நாங்கள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: வீட்டு ஆளிடம் மஞ்சப்பையோடு அத்தனை மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லி மேஜையில் கொட்டி, மூலப்பெயரைக் கொண்டு ஒரு தாளில் எழுதி, தொடர வேண்டியது, நிறுத்த வேண்டியது என்று டாக்டர் 24 மணி நேரத்துக்குள் கையெழுத்திடுவது. டிஸ்சார்ஜில் அதே தாளின் நகல் பாலிகிளினிக் மருத்துவருக்கும் போகும்.

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்ச் மூடி சிவப்பு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட், அந்த அளவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. நோயாளி கொண்டுவந்த பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்து கோடு இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கவே கூடாது என்று எழுத்தில் தடை போட்டோம், ஆரஞ்சு மூடியை வார்டு ஸ்டோரிலிருந்து எடுத்தே விட்டோம். டிரக் சார்ட்டில் யூனிட் என்பதை முழுதாக எழுத வேண்டும். ஒற்றை ஆங்கில எழுத்தில் எழுதினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து பத்து நூறாகிவிடும்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் மாதிரியே இருக்கும், 10 மில்லியில் 20 மில்லிஈக்விவலன்ட். அது பொது வார்டில் இருக்கவே கூடாது. ஐ.சி.யூ.வில் பூட்டி, சிவப்பு லேபிள் ஒட்டி, எடுக்கும்போது இரண்டு பேர் கையெழுத்து. அசெஸ்ஸர் வார்டு டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தது இதற்காகத்தான். திறந்த குப்பி எதிலும் திறந்த தேதி இல்லாவிட்டால் குறை எழுதுவார்கள். தேதி இருந்தால் 28 நாளைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

அவசர சிகிச்சை வண்டியான க்ராஷ் கார்ட்டில் மருந்தெல்லாம் சரியாக இருக்கும், தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் லைட் எரியாது. இது எங்கேயும் நடக்கும். பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டால் கசிந்து கான்டாக்ட் பச்சை பூத்துவிடும். பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் டேப் ஒட்டி வைத்து, தினமும் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றுவது நல்லது. சரிபார்ப்புத் தாளில் டிக் மட்டும் போதாது, உடையும் பூட்டின் எண்ணை எழுதினால்தான் யாராவது நடுவில் திறந்தார்களா என்று தெரியும்.

ஃபிரிட்ஜ் வெப்பநிலைத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. வேண்டியது 2 முதல் 8 டிகிரி வரை. மாதம் முழுவதும் காலை 4, மாலை 4 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அது ஒரே நாளில் எழுதியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோடையில் மின்வெட்டு இருக்கிற ஊர் இது. 9 டிகிரி ஏறிய நாள் தாளில் இருக்கட்டும், அன்றைக்கு மருந்தை எங்கே மாற்றினீர்கள், எத்தனை மணிக்கு ஜெனரேட்டர் ஏறியது என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். அப்படி ஒரு வரி இருந்த தாளைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

சம்பவப் பதிவேட்டுக்கும் இதே விதி. மூன்று மாதத்தில் மருந்துப் பிழை பூஜ்யம், விழுந்தவர்கள் பூஜ்யம் என்று காட்டினால் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், யாரும் எழுதுவதில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்பே பிடிபட்ட பிழைகளை எழுத வையுங்கள். எழுதிய சிஸ்டருக்கு மெமோ கொடுத்த நாளோடு அந்தப் பதிவேடு செத்துவிடும். பெயர் எழுதாமல் போட ஒரு பெட்டி வைத்தோம். முதலில் காலியாகவே கிடந்தது. மாதக் கூட்டத்தில் யார் செய்தது என்ற கேள்வியே வராது என்று தெரிந்த பிறகு சீட்டுகள் விழ ஆரம்பித்தன.

கணக்கில் எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதில் தவறாமல் பாருங்கள். விழுந்தவர்களைச் சேர்க்கை எண்ணிக்கையால் வகுத்துக் காட்டுகிறார்கள் பலர். வகுக்க வேண்டியது நோயாளி-நாட்களால், அதாவது ஒவ்வொரு நோயாளியும் தங்கிய நாட்களைக் கூட்டிய எண்ணால். மாதத்தில் 800 நோயாளி-நாள், இரண்டு பேர் விழுந்தார்கள் என்றால் ஆயிரத்துக்கு 2.5. சிறுநீர்க் குழாய்த் தொற்றுக்குக் குழாய் போட்டிருந்த நாட்களால் வகுக்க வேண்டும். கை சுத்தத்துக்கு, செய்திருக்க வேண்டிய சந்தர்ப்பங்களால். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60. அசெஸ்ஸர் வாட்ச்மேனையும் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொன்னார். அறுவைத் தொற்றை 30 நாள் வரை பார்க்க வேண்டும், உள்ளே பிளேட் வைத்திருந்தால் 90 நாள். எங்கள் நோயாளி தையல் பிரிப்பது பள்ளிப்பட்டில் ஏதோ ஒரு கிளினிக்கில். போன் செய்து தமிழில் கேட்டு, கேட்டவர் பெயரோடு எழுதினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

சம்மதப் படிவத்தில் கிட்டத்தட்ட மாட்டினோம். ஹெர்னியா ஆபரேஷனுக்கு இருந்த ஒரு ஓய்வுபெற்ற நாயக்கிடம், “என்ன எழுதியிருந்தது, எதில் கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று அசெஸ்ஸர் கேட்டார். அவருக்குத் தமிழ் படிக்க வரும், இந்தி பேச வரும், தெலுங்கு எழுத்து ஒன்றும் தெரியாது. கையெழுத்து தெலுங்குப் படிவத்தில் இருந்தது. காப்பாற்றியது படிவத்தின் அடியில் இருந்த ஒரு கட்டம்: எந்த மொழியில், யார் விளக்கினார், அவர் கையெழுத்து. அதில் ஸ்டாஃப் நர்ஸ் பெயர் இருந்தது, அவர் தமிழில் சொன்னதை அந்த அய்யா திருப்பியும் சொன்னார். இருந்தாலும் குறையாகத்தான் எழுதினார்கள், சரியாகத்தான் எழுதினார்கள். இப்போது படிவம் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தனித்தனித் தாளாக இருக்கிறது. ஒரே தாளில் மூன்று மொழியையும் நெருக்கி அச்சடிக்காதீர்கள், வயதானவர்கள் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. உரிமைகள் பலகை, தீ வெளியேறும் வழிப் பலகை எல்லாவற்றுக்கும் மூன்று மொழி.

இந்த ஊர் என்றால் புத்தூர் கட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. கை முறிந்தால் முதலில் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருத் துணியும் சுற்றிக்கொண்டு, வலி தாங்காமல் அப்புறம்தான் நம்மிடம் வருவார்கள். அதைக் கிண்டலடிப்பதால் யாருக்கும் லாபமில்லை. கட்டைப் பிரிப்பதற்கு முன் விரல் நிறம், உணர்வு, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்தம் திரும்புகிறதா, விரலை நாம் நீட்டும்போது வலி கூடுகிறதா என்று பார்த்து நேரத்தோடு எழுதுங்கள். பிரித்த பிறகு மறுபடி எழுதுங்கள். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால், கட்டால் வந்த பாதிப்பும் நம் கணக்கில் ஏறும்.

ஓ.டி. பக்கம் பெரிய சிக்கல் இல்லை. 2008-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலைத்தான் வைத்திருக்கிறோம்: மயக்கத்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், அறையை விட்டு வெளியேறும் முன். மூன்று கட்டத்துக்கும் ஒரே நேரம் எழுதியிருந்தால் மாட்டுவீர்கள்.

அசெஸ்ஸர்கள் எழுதிய குறைகளைச் சரிசெய்து பதில் அனுப்பும்போது, காரணம் என்ற கட்டத்தில் ஊழியர் கவனக்குறைவு என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். ஏன் அந்தக் கவனக்குறைவு சாத்தியமானது என்பது வேண்டும். படிவம் தமிழில் அச்சடிக்கப்படவில்லை, காரணம் அச்சுக்குக் கொடுக்கும் பட்டியலில் மொழி என்ற பகுதியே இல்லை, இப்படி. ஆதாரமாகப் புதிய படிவம் மட்டும் போதாது. பயிற்சி கொடுத்த கையெழுத்துத் தாள், நிரப்பிய சில படிவங்கள் நோயாளி பெயர் மறைத்து, மறு தணிக்கை முடிவு மூன்றையும் ஒரே கோப்பாக்கி, குறையின் எண்ணையே கோப்பின் பெயராக வையுங்கள்.

அங்கீகாரத்துக்குப் பிறகு ஈ.சி.எச்.எஸ். பக்கம் வந்தால் வேறு வகை விழிப்பு வேண்டும். ரெஃபரலில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறதோ அதுதான். கண்ணுக்கு வந்தவருக்கு இடுப்பையும் பார்த்துவிட்டால் இரண்டாவது பில் வராது. பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கு முன் அனுமதி வேண்டும். ரெஃபரல் இல்லாமல் அவசரத்தில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்தாக வேண்டும். சனிக்கிழமை ராத்திரி அட்மிஷன்தான் இதில் சிக்கும், அதனால் ராத்திரி டியூட்டி மேனேஜரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். வார்டு தகுதி ரேங்க்கைப் பொறுத்தது: ஹவில்தார் வரை பொது வார்டு, ஜே.சி.ஓ.க்களுக்கு (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) செமி பிரைவேட், அதிகாரிகளுக்குத் தனி அறை. தகுதிக்கு மேல் அறை கொடுத்துவிட்டு வித்தியாசத்தைக் கேட்டால் தகராறுதான். உள்ளே வைத்த பிளேட், ஸ்டென்ட் எதுவானாலும் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் பில்லோடு போக வேண்டும். ஸ்டிக்கரை ஓ.டி.யிலேயே கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுங்கள், பில்லிங்குக்கு வந்த பிறகு தேடினால் குப்பையில்தான் இருக்கும்.

ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர் வாங்கும்போது எந்த மாநிலத்துப் பேப்பர் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தணியில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவந்தால் வீண். டைப் அடித்துத் தந்ததும் கையெழுத்துக்கு முன் இணைப்பில் உள்ள சிகிச்சைப் பிரிவுகளை என்.ஏ.பி.எச். சான்றில் உள்ள பிரிவுகளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். எங்களுக்கு டைப் அடித்தவர் எலும்பு முறிவுப் பிரிவையே விட்டிருந்தார். அந்தத் தாள் அப்படியே போயிருந்தால், இந்த ஊரில் அதிகம் வரும் கேஸ்களுக்கே ரெஃபரல் வந்திருக்காது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அங்கேயே மறுபடி அடித்து வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துக்குப் போனோம்.